ஊறவைத்த புல்விதையும் உன் பெயரும்

கள்ளக்குறிச்சி
6.10.2003

அன்பு மகள் கண்ணகிக்கு அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் உடம்பளவில் நன்றாக இருக்கிறோம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்பதே காலையில் எழுந்ததும் எங்கள் முதல் நினைப்பு. புரட்டாசி பிறந்ததும் இங்கே இரண்டு நல்ல மழை பெய்துவிட்டது. இரண்டு வருடமாக வறண்டு கிடந்த ஊர் என்பதால் தெருவில் தண்ணீர் ஓடுவதைப் பார்க்கவே ஆட்கள் குடையில்லாமல் வெளியே வந்து நின்றார்கள். நம் கிணற்றில் அடிப்பாறை மறைந்திருக்கிறது. அம்மாவுக்கு மழை ஈரத்தில் முழங்கால் வலி கொஞ்சம் கூடியிருக்கிறது, ஆனாலும் சொன்னால் கேட்காமல் மொட்டைமாடி ஏறி வடகம் காயவைக்கிறாள். உன் சித்தப்பா மகள் அம்சவள்ளிக்கு உளுந்தூர்பேட்டை ஆஸ்பத்திரியில் ஆண் குழந்தை பிறந்திருக்கிறது, ஒரு வார்த்தை போன் செய்து விசாரித்துவிடு, இல்லாவிட்டால் மனத்தாங்கலாகிவிடும். நீ அனுப்பிய கம்பளிச் சட்டை தோளில் சற்றுப் பெரிதாக இருக்கிறது. இந்த ஊரில் அதைப் போட மார்கழி வர வேண்டும், அதற்குள் நான் கொஞ்சம் சதை போட்டுவிடுவேன் என்று பார்சல் வந்த அன்று அம்மா சொன்னாள்.

உடம்பளவில் என்று மேலே எழுதியிருக்கிறேன். அதை அடித்துவிடலாமா என்று யோசித்தேன், பிறகு அப்படியே விட்டுவிட்டேன். நேற்று நீ பேசியபோது "புல் எப்படியப்பா வந்திருக்கு?" என்று கேட்டாய், நான் லைன் சரியில்லை என்று சொல்லி அம்மாவிடம் ரிசீவரைக் கொடுத்துவிட்டேன். லைன் நன்றாகத்தான் இருந்தது. உன் வீட்டில் குழந்தை ஸ்பூனால் தட்டைத் தட்டுவதுகூட எனக்குத் தெளிவாகக் கேட்டது. ஆவணியிலிருந்து நீ கேட்கும்போதெல்லாம் ஏதோ ஒரு சாக்குச் சொல்லி வந்திருக்கிறேன். வாயால் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை, அதனால் எழுதுகிறேன். எழுதும்போது முன்பின் பார்த்து வரிசையாகச் சொல்லலாம், என் குரல் நடுங்குவது உனக்குக் கேட்காது. படித்து முடிக்கிறவரை நடுவில் நிறுத்தி என்னைக் கூப்பிடாதே.

உன் அம்மா பிறந்த மேல்காட்டுக்கொட்டாயில் கல்வராயன் மலையடிவாரத்தை ஒட்டி ஒரு மேய்க்கால் புறம்போக்கு உண்டு, சின்ன வயதில் லீவுக்குப் போனால் அங்கேதான் நீ ஓடி விளையாடுவாய். ஊரில் சொந்த நிலம் இல்லாத வீட்டுக்காரர்களின் ஆடுகளுக்கு அந்த இடம் ஒன்றுதான் கதி. இரண்டு வருட வறட்சியில் அங்கே புல் என்பது பேருக்குக்கூட இல்லாமல் மண் மேலே பாளம் பாளமாக இறுகிவிட்டது. ஆடுகள் பட்டா நிலத்தில் கரும்பைக் கடிக்க, தினம் ஒரு சண்டை. பஞ்சாயத்துத் தலைவர் ஆதிமூலம் அந்த இடத்தில் தைலமரம் வைத்துக் குத்தகைக்கு விட்டுவிடலாம் என்று பேச ஆரம்பித்தார். அப்போதுதான் ஆடு வளர்க்கும் செல்லியம்மாள் இன்னும் சில பெண்களைக் கூட்டிக்கொண்டு கள்ளக்குறிச்சிக்கு நம் வீட்டுக்கே வந்தாள். விதை ஆபீசில் வேலை பார்த்தவர் நீங்கள், புல் வரவைக்க ஒரு வழி சொல்லுங்கள் என்றாள். அந்த ஊர் மாப்பிள்ளை என்கிற முறையில் எனக்கு மறுக்க முடியவில்லை. அதோடு, ஓய்வுபெற்ற பிறகு என்னைத் தேடி யாரும் எதுவும் கேட்டு வந்தது இல்லை, அது எனக்குப் பெரிய சந்தோஷமாக இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். தலைவரிடம் பேசி ஒரு வருடம் தவணை வாங்கினோம். ஒரு வருடம் ஆடுகளை அந்த நிலத்தில் விடுவதில்லை, புல் வந்தால் நிலம் ஆட்டுக்காரர்களுக்கு, வராவிட்டால் தைலமரம். பெண்கள் தை மாதம் முழுக்கக் கோமுகி அணைக்கரையிலும் வாய்க்கால் வரப்பிலும் சுடுகாட்டு வேலியிலும் அலைந்து கொழுக்கட்டைப் புல் விதையை உருவிக்கொண்டு வந்தார்கள். வறட்சியில் அதுவும் எல்லா இடத்திலும் கிடைக்கவில்லை. பஞ்சுபோலச் சுணையோடு சேலையில் ஒட்டிக்கொண்டதைக்கூடப் பிய்த்துச் சாக்கில் போட்டார்கள்.

இதையெல்லாம் நான் போனில் சொன்னபோது நீ எவ்வளவு சிரித்தாய் என்று எனக்கு நினைவிருக்கிறது. எங்கள் ஆஸ்திரேலியப் பாலைவனத்தில் அந்தப் புல் வேண்டாத விருந்தாளியாக வந்து உட்கார்ந்துகொண்டு அந்த மண்ணின் புல்லையெல்லாம் விரட்டுகிறது, அதைப் பிடுங்கத்தான் எங்களுக்குச் சம்பளம், நீங்கள் என்னடாவென்றால் அதை வளர்க்கக் கஷ்டப்படுகிறீர்கள் என்றாய். பிறகு சிரிப்பை விட்டுவிட்டு நிதானமாக, நான் ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்லச் சொல்ல, விளக்கினாய். காய்ந்த விதையை அப்படியே தூவுங்கள், முள் கிளையை மேலே இழுத்து மண்ணைக் கீறிவிட்டால் போதும், பாதி விதையை அடுத்த மழைக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்றாய். வறண்ட நாட்டுப் புல்விதை ஒரே மழையை நம்பி எல்லாம் ஒன்றாக முளைக்காது, கொஞ்சம் முளைக்கும், மிச்சம் உறைக்குள் தூங்கும், அந்தத் தூக்கம்தான் அதற்குக் காப்பு என்றாய். முளைவேர் வெளியே வராதவரை விதை நனைந்து மறுபடி காய்ந்தாலும் பிழைத்துக்கொள்ளும், வந்துவிட்டால் பிறகு தண்ணீர் இல்லாமல் அதற்கு வேறு வழி கிடையாது என்றும் சொன்னாய். நெல் மாதிரி முளைகட்டிவிடாதீர்கள் அப்பா என்று கடைசியில் ஒருமுறை சொன்னாய். சரி என்றேன். எல்லாம் எனக்குத் தெளிவாகப் புரிந்தது. புரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு இடமில்லை.

பிறகு நடந்ததைக் கேள். வீட்டில் ஒரு தட்டில் ஈரத்துணி விரித்து, காய்ந்த விதையில் ஒரு பிடி எண்ணிப் போட்டுச் சோதித்தேன். மூன்றில் ஒரு பங்குகூட முளைக்கவில்லை. திரும்பவும் போட்டேன், அதே கதை. வேலை பார்த்த காலம் முழுக்க நெல் விதையின் முளைப்புத் திறனைச் சோதித்துத்தான் சம்பளம் வாங்கியவன் நான். இப்படி ஒரு விதைக் குவியல் என் மேஜைக்கு வந்திருந்தால் இரண்டாவது முறை பார்க்காமல் தள்ளுபடி என்று எழுதியிருப்பேன். அதே விதையைத்தான் ஊராருக்கு எதிரில் தூவப் போகிறேன் என்று நினைக்கவே எனக்கு வெட்கமாக இருந்தது. நீ சொன்ன தூக்கமும் காப்பும் அந்தத் தட்டில் எனக்குத் தெரியவில்லை, முளைக்காத விதைதான் தெரிந்தது. அடுத்து ஒரு பிடியை ராத்திரி முழுக்க ஊறவைத்து, கோணித் துண்டில் கட்டி, வைக்கோலுக்குள் மூட்டம் போட்டுப் பார்த்தேன். பெரும்பாலும் முளைவிட்டுவிட்டது. அந்த வெள்ளை முளைகளைப் பார்த்ததும் எனக்கு வந்த நிம்மதி கொஞ்சநஞ்சம் அல்ல. நீ சொன்னது உங்கள் பாலைவனத்துக்குச் சரி, இங்கே நெல்லுக்குச் செய்வதைச் செய்தால் குறையில்லை என்று மனதைச் சமாதானம் செய்துகொண்டேன்.

அதோடு நின்றிருந்தால் என் அறிவுக் குறைவு என்று விட்டுவிடலாம். ஆனி மாதம் நல்ல மழை ஒன்று பெய்தது. புறம்போக்கில் போர் போட்டுக் கட்டியிருக்கும் சிமெண்டுத் தொட்டியில் விதைச் சாக்குகளை நான் பிரித்துக் கொட்டச் சொன்னபோது செல்லியம்மாள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "இன்னா சார் இது, நெல்லுக்குத்தான் மூட்டம் போடுவாங்க. புல்லுக்குமா? அது இன்னா கல்யாணப் பொண்ணா, தலைக்குத் தண்ணி ஊத்தி மூலையில ஒக்கார வெக்க?" என்று கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். கொளஞ்சியப்பன் என்று ஒருவர், அவரும் ஆடு வைத்திருப்பவர், எதற்கும் ஒரு கேலி பேசாமல் இருக்க மாட்டார், "சார் நமக்கும் புல்லுக்கும் சேத்து விருந்து வெக்கிறாரு" என்றார். அவர்கள் விளையாட்டாகத்தான் பேசினார்கள். எனக்கு வியர்த்துவிட்டது. நாலு பேர் சிரித்தால் என் வாயில் சொல் நிற்காது என்பது உனக்குத் தெரியும். அப்போது நான் சொன்னேன், "இது நான் சொல்வது இல்லை, ஆஸ்திரேலியாவில் புல் ஆராய்ச்சி செய்கிற என் பெண் சொன்னது" என்று. உடனே சிரிப்பு நின்றுவிட்டது. "பாப்பா சொல்லிச்சா? அப்ப சரி" என்று செல்லியம்மாள் தானே முந்தானையைச் செருகிக்கொண்டு தொட்டியில் இறங்கிவிட்டாள். நீ வேண்டாம் என்று சொன்ன ஒன்றை உன் பெயரால் செய்யவைத்தேன் கண்ணகி. இந்த வரியை எழுதுவதற்காகத்தான் இந்தக் கடிதம்.

சுணை நிறைந்த விதை என்பதால் பாதிக்கு மேல் மிதந்தது. கல்லை வைத்து அமுக்கியும் மறுநாள் காலையில் மிதந்துகொண்டிருந்ததை, நெல்லில் பதரைக் கழிப்பதுபோல, கூடையால் அள்ளித் தொட்டிக்குப் பின்னால் முள்வேலி ஓரமாகக் கொட்டச் சொன்னேன். மிச்சத்தை முளைகட்டி நிலம் முழுக்கத் தூவினோம். அடுத்த மழைக்கு என்று ஒரு கைப்பிடிகூட வைத்துக்கொள்ளவில்லை. எல்லாம் முளைத்துவிட்ட பிறகு எதை எடுத்து வைப்பது? சில நாட்களில் அந்த நிலம் முழுவதும் பாசி படர்ந்ததுபோல ஒரே பச்சை. ஊரே வந்து பார்த்தது. தலைவர் ஆதிமூலம் ஸ்டூடியோக்காரரை அழைத்துவந்து அதன் நடுவில் நின்று படம் எடுத்துக்கொண்டார். செல்லியம்மாள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓரமாக நடந்தாள், மிதித்துவிடக் கூடாதாம். எனக்கு அன்றைக்கு ஒரு மாலை போட்டார்கள், அதை உனக்கு நான் போனில் சொல்லவில்லை, அம்மாவையும் சொல்ல விடவில்லை. அப்போதே ஏதோ உறுத்தியிருக்கிறது பார்.

அதற்குப் பிறகு ஆடி முழுவதும் ஒரு தூறல் இல்லை. மலையிலிருந்து காற்று மட்டும் பகலெல்லாம் மண்ணை வாரி அடித்தது. முளைத்தது அத்தனையும் ஒரே வயது, ஒரே அளவு, வேர் ஒரு விரல் ஆழம்கூடப் போயிருக்காது. முதலில் நுனி வெளுத்தது, அப்புறம் மொத்தமும் தவிட்டு நிறமாகிக் காற்றோடு போய்விட்டது. போரில் தண்ணீர் குடிக்கவே வரவில்லை, நிலத்துக்கு எங்கே விடுவது. பெண்கள் குடத்தில் சுமந்து ஒரு மூலையிலாவது ஊற்றிப் பார்த்தார்கள், நான் வேண்டாம் என்று சொல்லவும் முடியாமல் ஊற்றுங்கள் என்று சொல்லவும் முடியாமல் பக்கத்தில் நின்றேன். புல் வரும் என்று நம்பி ஆட்டை வீட்டிலேயே கட்டிப்போட்டு, மலையேறித் தழை ஒடித்துவந்து போட்டவர்கள் அவர்கள். தழையும் கிடைக்காமல் செல்லியம்மாள் தன் ஆடுகளில் பாதியை மணலூர்பேட்டைப் பக்கத்திலிருந்து வந்த வியாபாரிக்கு விற்றுவிட்டாள். அதில் ஒன்று சினை ஆடு. அதை வண்டியில் ஏற்றும்போது அவள் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள் என்று கேள்விப்பட்டேன்.

பிறகு பேச்சு தொடங்கியது. யாரும் என்னை ஒரு சொல் சொல்லவில்லை. சார் பாவம், ஊருக்கு நல்லது செய்ய நினைத்தார் என்றார்கள். எல்லாம் உன் மேல்தான் போயிற்று. டீக்கடையில் நான் உட்கார்ந்திருக்கும்போதே கொளஞ்சியப்பன், "வெளிநாட்டுல ஏசி ரூம்புல குந்திக்கினு புல்லு வளத்தா இப்படித்தான். நம்ம வெயிலு அந்தப் பொண்ணுக்கு இன்னா தெரியும்?" என்றார். அங்கே நீ தொப்பியும் தண்ணீர் பாட்டிலுமாக நாள் முழுக்க எவ்வளவு வெயிலில் நிற்கிறாய் என்று எனக்குத் தெரியும். நான் டீயைக் குடித்துவிட்டு டம்ளரை வைத்துவிட்டு வந்தேன். இன்னொரு நாள் உன் அம்மா ஒரு காதுகுத்துக்குப் போயிருந்தபோது அவளுடைய ஒன்றுவிட்ட தங்கை ராணியம்மாள் பந்தியிலேயே, "இன்னா அக்கா, உம் பொண்ணு அங்க புல்லு படிச்சி இங்க ஏழபாழைங்க ஆட்ட வித்துட்டாளே" என்று கேட்டிருக்கிறாள். அம்மா இலையை மடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டாள். வீட்டுக்கு வந்ததும் என்னிடம், "அவ அப்படியா ஊறவெக்கச் சொன்னா?" என்று கேட்டாள். ஏறக்குறைய அப்படித்தான் என்றேன். ஏறக்குறைய. அந்த ஒரு சொல்லை நான் எங்கிருந்து எடுத்தேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை.

ஆகஸ்டு பதினைந்து கிராம சபையில் தலைவர் எழுந்து, அந்த மண்ணில் இனிப் புல் வராது என்பது தெரிந்துவிட்டது, படித்தவர்கள் சொன்னபடியே செய்தும் வரவில்லை என்றால் மண்ணில்தான் கோளாறு, அக்டோபர் இரண்டு சபையில் தைலமரத்துக்குத் தீர்மானம் போட்டுவிடலாம் என்றார். என்னைத் திரும்பிப் பார்த்து, "இன்னா சார், சரிதானே?" என்றும் கேட்டார். மண்ணில் கோளாறு இல்லை, விதையிலும் இல்லை, உன் படிப்பிலும் இல்லை. மூன்றும் எனக்குத் தெரியும். நான் தலையைக் கொஞ்சம் அசைத்தேன். அது ஆமாம் என்றா இல்லை என்றா என்று யாருக்கும் விளங்கியிருக்காது, எனக்கே விளங்காதபடிதான் அசைத்தேன்.

இப்படி இருக்கும்போதுதான் புரட்டாசி மழை. மழை விட்டு ஒரு வாரம் போல ஆகியிருக்கும், செல்லியம்மாள் கச்சிராயபாளையம் பஸ்ஸைப் பிடித்து வந்து வாசலில் நின்றாள். மூச்சு வாங்க, "சார், ஒடனே வாங்க, வந்து பாருங்க" என்றாள். என்னவென்று கேட்டதற்கு, கட்டி வைத்திருந்த ஆடு ஒன்று அவிழ்த்துக்கொண்டு ஓடித் தொட்டிக்குப் பின்னால் முள்வேலிக்குள் தலையை விட்டு எதையோ மேய்கிறது, எட்டிப் பார்த்தால் புல் என்றாள். போய்ப் பார்த்தேன். நாங்கள் பதர் என்று அள்ளிக் கொட்டிய இடம். வேலி நீளத்துக்கும் கொழுக்கட்டைப் புல் தூர் தூராக எழுந்து நின்றது. சில தூர் சிறியது, சில பெரியது, சில அன்றைக்குத்தான் மண்ணைத் தள்ளிக்கொண்டிருந்தது. அந்த விதைகள் மிதந்ததால் முழுவதும் நனையவில்லை, கொட்டிய இடத்தில் மறுபடி காய்ந்துவிட்டன. ஆனி மழைக்கு அவற்றிலும் சில முளைத்துக் கருகித்தான் இருக்கும். மிச்சம் அந்த ஆடி வெயிலையும் காற்றையும் உறைக்குள் இருந்தே கடந்து, இந்த மழைக்குக் கண் திறந்திருக்கின்றன. நீ போனில் சொன்னாயே, ஒரு வார்த்தை மாறாமல் அதுவே என் காலடியில் நின்றது. குனிந்து ஒரு தூரைத் தொட்டேன்.

அப்போது செல்லியம்மாள் என்ன சொன்னாள் தெரியுமா? "பாத்தீங்களா சார், உங்க பொண்ணு சொன்னது அத்தினியும் கருகிப்போச்சி, நீங்க கொட்டச் சொன்னது மொளச்சிருக்கு. பேசாம ஒங்க புத்திப்படியே செஞ்சிருக்கலாம். பொண்ணு பேச்சக் கேட்டுக் கெட்டுப்போனோம்" என்றாள். அவள் என்னை மெச்சிப் பேசினாள். அதுவரை அவர்கள் உன்னைத் திட்டியதை நான் பொறுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், நீ சரியாகச் சொன்னதை எடுத்து எனக்குக் கொடுத்தபோதுதான் என்னால் தாங்க முடியவில்லை. அப்போதும் அவளிடம் அங்கேயே சொன்னேனா என்றால் இல்லை. பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று சொல்லிக் கிளம்பிவிட்டேன்.

போன வியாழக்கிழமை கிராம சபை. என்ன பேசுவது என்று வீட்டிலேயே வரிசைப்படுத்திக்கொண்டு போனேன். எழுந்து நின்றதும் எல்லாம் கலைந்துவிட்டது. முன்னால் இருந்த நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டேன். மண்ணில் கோளாறு இல்லை என்று ஆரம்பித்தேன். என் பெண் ஊறவைக்கச் சொல்லவில்லை, ஊறவைக்காதீர்கள் என்றுதான் சொன்னாள், காயவைத்துத் தூவச் சொன்னாள், பாதியை வைத்துக்கொள்ளச் சொன்னாள், நான்தான் நெல்லுக்குச் செய்வதைச் செய்தேன், நீங்கள் சிரித்ததால் அவள் பெயரைச் சொன்னேன், வேலியோரம் முளைத்திருப்பது அவள் சொன்னபடி காய்ந்து கிடந்த விதை என்றேன். இவ்வளவு ஒழுங்காக வரவில்லை, முன்னுக்குப் பின்னாக, சில இடத்தில் சொன்னதையே சொன்னேன். கொளஞ்சியப்பன், "அட, சார் நம்மள விட பெரிய கில்லாடியா இருக்காரே" என்று சிரித்தார். கொஞ்சம் பேர் கூடச் சிரித்தார்கள். தலைவர் ஆதிமூலம், "ஒரு வருசம் போச்சே சார், இத அப்பவே சொல்றதுக்கு இன்னா?" என்றார். அதற்கெல்லாம் நான் தயாராகத்தான் போயிருந்தேன். செல்லியம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. எழுந்து முன்னால் வந்து நின்றாள். பிறகு மெதுவாக, "அந்தப் பொண்ண நாங்க எம்மாம் பேச்சு பேசனோம். நீங்க பக்கத்துல குந்திக்கினு கேட்டுக்கினுதானே சார் இருந்தீங்க" என்றாள். சினை ஆட்டைப் பற்றிக்கூடச் சொல்லவில்லை.

எல்லோரும் எழுந்து போய் வேலியோரப் புல்லைப் பார்த்தார்கள். திரும்பி வந்து வெகுநேரம் வாதம் நடந்தது. கடைசியில் நிலத்தில் பாதிக்குத் தைலமரம் என்று தீர்மானமாகிவிட்டது, அதைத் தடுக்க முடியவில்லை. ரோட்டை ஒட்டிய நல்ல பாதி அது. மலையை ஒட்டிய பாதி இன்னும் ஒரு வருடத்துக்குப் புல்லுக்கு. நான் ஆகஸ்டு சபையிலேயே வாய் திறந்திருந்தால் முழுவதையும் காப்பாற்றியிருக்கலாமா என்று எனக்கு உறுதியாகத் தெரியாது, காப்பாற்றியிருக்கலாம் என்றுதான் தோன்றுகிறது. உன் அம்மாவிடமும் அன்றே சொல்லிவிட்டேன். அவள் சத்தம் போடவில்லை. சாப்பாடு போடுகிறாள், மாத்திரையை எடுத்து வைக்கிறாள், பேசுவதில்லை. நேற்று நீ போன் செய்தபோது அவள் உன்னிடம் வடகத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தாளே, நானே என் வாயால் சொல்லட்டும் என்று விட்டுவைத்தாள். ரிசீவரை வைத்த பிறகு, இன்றைக்கும் நீங்கள் சொல்லவில்லை என்று மட்டும் சொன்னாள்.

இப்போது உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும், கேட்க எனக்கு முகமில்லை, ஆனாலும் இது எனக்காக இல்லை. வேலியோரத்து விதை மார்கழி தையில் முற்றும். அதை எப்போது உருவுவது, எத்தனை மாதம் எப்படிக் காயவைப்பது, ஆடு வராமல் எப்படிக் காப்பது, எந்த மழைக்குத் தூவுவது, எவ்வளவை வைத்துக்கொள்வது என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும். நான் எழுதி வாங்கி வந்து சொல்கிறேன் என்று செல்லியம்மாளிடம் சொன்னேன். அவள் தலையை ஆட்டினாள். "வேணாம் சார். இனிமே உங்க பொண்ணு சொல்றத உங்க வாயால கேக்க மாட்டோம். அது போன் பண்ற அன்னிக்கி நாங்க உங்க வூட்டுக்கு வர்றோம், எங்ககிட்டயே சொல்லச் சொல்லுங்க" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, ஒரு சாமான் வாங்கும்போது எடையைச் சரிபார்ப்பதுபோலச் சொன்னாள். நான் சரி என்றேன். தீபாவளிக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லியிருக்கிறேன், அதற்குள் இந்தக் கடிதம் உனக்கு வந்துவிடும் என்று கணக்குப் போட்டிருக்கிறேன். நீ வழக்கமாகப் பேசும் நேரத்துக்கே பேசு. ஆராய்ச்சிச் சொற்கள் வேண்டாம், என்னிடம் சொன்ன மாதிரியே நிதானமாகச் சொல், லைனில் எதிரொலி வரும், ஒருவர் பேசி முடித்த பிறகு மற்றவர் பேச வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடு. கூட வருகிறவர்களுக்கும் கேட்கட்டும் என்று பக்கத்து வீட்டுத் தனசேகரன், ஸ்பீக்கர் உள்ள தன் போனைக் கொண்டுவந்து மாட்டித் தருகிறேன் என்றிருக்கிறார். செல்லியம்மாளை அக்கா என்று கூப்பிடு. உன்னைப் பேசியதற்காக அவள் மன்னிப்புக் கேட்க வந்தால் கேட்க விடாதே, அந்தக் கணக்கு என்னுடையது. விற்ற ஆடுகளைப் பற்றி நீ விசாரித்தால் அவளுக்கு ஆறுதலாக இருக்கும், எப்படிக் கேட்க வேண்டும் என்று உனக்குத் தெரியும்.

அன்றைக்கு நான் அவர்களுக்குப் பாய் விரித்துவிட்டு, மணி அடித்ததும் ரிசீவரை எடுத்து அவள் கையில் கொடுத்துவிட்டுக் கிணற்றடிப் பக்கம் போய்விடுவேன். நடுவில் வந்து ஒரு சொல்லும் சேர்க்க மாட்டேன். எல்லோரும் பேசி முடித்த பிறகு உனக்கு என்னோடு பேச வேண்டும் என்று தோன்றினால் அம்மாவிடம் சொல், அவள் வந்து கூப்பிட்டால் வருகிறேன். தோன்றாவிட்டாலும் நான் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டேன், அடுத்த ஞாயிறு இருக்கிறது.

வெயிலில் தொப்பி இல்லாமல் நிற்காதே. குழந்தைக்குச் சளி பிடித்தால் உடனே மருந்து என்று ஓடாமல் இரண்டு நாள் பொறு. மாப்பிள்ளைக்கு என் அன்பைச் சொல், இந்தக் கடிதத்தை அவரும் படிக்கலாம், மறைக்க வேண்டாம். நீ எடுத்த வேலை எந்த நாட்டில் இருந்தாலும் தழைக்க வேண்டும், உன் பெயர் யார் வாயிலும் அது இருக்க வேண்டிய மாதிரியே இருக்க வேண்டும் என்று அந்த மலையைப் பார்த்துக் கும்பிட்டுக்கொள்கிறேன். உன்னை ஆசீர்வதிக்க இந்த வருடம் எனக்குத் தகுதி உண்டா என்று தெரியவில்லை, அப்பா என்கிற உரிமையில் செய்துவிடுகிறேன். மறந்துவிடாதே, தீபாவளிக்கு அடுத்த ஞாயிறு, இங்கே காலை பத்து மணி. பேசப் போவது செல்லியம்மாள்.

இப்படிக்கு,
உன் அப்பா
கண்ணாயிரம்